61 வயதில் வந்த ஹையசிந்த்: பாட்ரீஷியா ரௌட்லெட்ஜின் நடிப்பு வாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' என்ற பிரிட்டிஷ் சிட்காமின் (நகைச்சுவைத் தொடரின்) முதல் எபிசோடு 1990 அக்டோபர் 29 அன்று பிபிசி 1-இல் ஒளிபரப்பானது. அதன் நாயகி பாட்ரீஷியா ரௌட்லெட்ஜுக்கு அப்போது வயது 61. மேடையேறி 38 ஆண்டு, நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளுக்கான டோனி விருது வாங்கி 22 ஆண்டு, லண்டன் நாடக அரங்குகளுக்கான ஒலிவியே விருது வாங்கி 2 ஆண்டு ஆகியிருந்தது. திங்கள்கிழமை இரவு டிவி முன் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதெல்லாம் தெரியாது. பூப்போட்ட உடையும் தொப்பியும் முத்துமாலையுமாக ஒரு அம்மாள் டெலிபோனை எடுத்துப் பேசினார், நாடே சிரித்தது.

அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் 'வயதான பிறகு அடித்த அதிர்ஷ்டம்' என்று முடித்துவிடுவது வழக்கம். அந்த விளக்கம் போதாது. அந்தத் தொடரில் அவர் ஏற்ற ஹையசிந்த் பக்கெட் என்ற பாத்திரத்தைத் தாங்கி நின்ற தொழில்நுட்பம் ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய வேலைகளில், அவற்றிலும் தோற்றுப்போன வேலைகளில், தனித்தனியாகப் பழகப்பட்டிருந்தது. எது எங்கே பழகியது, சிட்காமில் அது எப்படி வேலை செய்தது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொடரை அவரே ஏன் நிறுத்தினார் என்பவைதான் இங்கே பார்க்க வேண்டியவை.

மேடையும் குரலும்

பிறந்தது 1929 பிப்ரவரி 17, பர்க்கன்ஹெட் நகரின் டிரான்மியர் பகுதியில். மெர்சி ஆற்றின் இக்கரையில் பர்க்கன்ஹெட், அக்கரையில் லிவர்பூல். தந்தைக்கு ஆண்களுக்கான ஆடைக் கடை. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு 1952-இல் லிவர்பூல் பிளேஹவுஸில் மேடையேறினார். பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியிலும் பயிற்சி பெற்றார்.

ஊர்ப்புற நாடக அரங்குகளின் அன்றைய நடைமுறையைத் தெரிந்துகொண்டால் பின்னால் வருவது எளிதாகப் புரியும். இரவில் இந்த நாடகம் நடக்கும், பகலில் அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை. நடிகர் குழு அதேதான், ஆனால் இந்த மாதம் ராணியாக வந்தவர் அடுத்த மாதம் வேலைக்காரியாக வருவார். மைக் கிடையாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல்லின் கடைசி மெய்யெழுத்து கேட்டாக வேண்டும். இதில் சில ஆண்டுகள் தாக்குப்பிடிப்பவருக்கு மூச்சை எங்கே எடுப்பது என்பது யோசிக்காமலே வந்துவிடும். ரௌட்லெட்ஜுக்குக் கூடுதலாகப் பாட்டும் இருந்தது. பேசத் தெரிந்தவர் சமாளித்துப் பாடுகிற பாட்டு இல்லை அது, ஓபரெட்டா எனும் இலகுவான இசை நாடக மேடையில் நின்று பாடும் அளவுக்கு நிஜமான குரல்.

டிவியில் ஆரம்பத்தில் துண்டு துண்டாகத்தான் வந்தார். 1961-இல் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் சிற்றுண்டிக் கடைக்காரி சில்வியா ஸ்னேப்பாகச் சில எபிசோடுகள். 1967-இல் 'டு சர், வித் லவ்' படத்தில் ஆசிரியைகளில் ஒருவர். 1974-இல் 'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடரில் ஆவியுடன் பேசுவதாகச் சொல்லி ஏமாற்றும் மேடம் ஃபொன்டானா. எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, எதுவும் அவரை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக்கவில்லை.

31 காட்சி, 7 காட்சி

அமெரிக்காவில் நடந்ததை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர் குரலின் உண்மையான அளவு அங்கேதான் வெளிப்பட்டது. 1968 ஜனவரியில் பிராட்வேயில் 'டார்லிங் ஆஃப் தி டே' தொடங்கியது. இசை ஜூல் ஸ்டைன், பாடல் வரிகள் யிப் ஹார்பர்க், உடன் நடித்தவர் வின்சென்ட் பிரைஸ். இத்தனை பெரிய பெயர்கள் இருந்தும் 31 காட்சிகளில் மூடிவிட்டார்கள். ஆனால் சிறந்த இசை நாடக நடிகைக்கான டோனி விருது அவருக்குக் கிடைத்தது, லெஸ்லி அகம்ஸுடன் சமமாக. விருது கையில் வந்தபோது நாடகம் ஓடவில்லை.

1976 மே மாதம் '1600 பென்சில்வேனியா அவென்யூ'. இசை லெனார்ட் பெர்ன்ஸ்டைன், எழுத்து ஆலன் ஜே லெர்னர். வெள்ளை மாளிகையின் கதை. அதிபர்களின் மனைவிமார் எல்லோரையும் அவர் ஒருவரே ஏற்றார். 7 காட்சிகள்தான் நடந்தது. பெர்ன்ஸ்டைனின் வாழ்க்கையிலேயே பெரிய தோல்விகளில் ஒன்று. ஆனாலும் அதில் ஒரு பாட்டு இன்றும் பேசப்படுகிறது. 'டூயட் ஃபார் ஒன்' என்று பெயர். பதவி விட்டுப்போகும் அதிபரின் மனைவி ஜூலியா கிராண்ட், பதவிக்கு வரும் அதிபரின் மனைவி லூசி ஹேய்ஸ், இருவரின் பாட்டையும் ஒருவரே மாறி மாறிப் பாட வேண்டும். கிராண்டின் கசப்பு ஒரு வகைக் குரலில், ஹேய்ஸின் பக்திப் பெருமிதம் இன்னொரு வகைக் குரலில், இடையில் மூச்சு விட மட்டுமே நேரம். பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மூழ்கும் நாடகத்தில் அது நடந்தது.

இந்தப் பாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நொடிக்கு நொடி வேறு குரலுக்குத் தாவுவது, தாவும்போது ஒரு சொல்கூடக் குழறாமல் இருப்பது என்ற இந்த வேலையைத்தான் 14 ஆண்டு கழித்து வெள்ளை டெலிபோனுக்கு முன்னால் நின்று செய்தார்.

1980-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 'பைரட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' நாடகத்தில் ரூத் வேடம், கெவின் கிளைன், லிண்டா ரான்ஸ்டாட் ஆகியோருடன். அது வெற்றி. பிராட்வேக்குப் போனபோது அந்த வேடத்தில் எஸ்டெல் பார்சன்ஸ் வந்தார். பூங்கா மேடையின் பதிவு இருக்கிறது, இவரைப் பற்றிப் படிப்பவர்கள் தேடிப் பார்க்க வேண்டியது.

1982-இல் லண்டனில் 'நாய்சஸ் ஆஃப்' முதல் தயாரிப்பில் டாட்டி ஆட்லி அவர்தான். மேடைக்குப் பின்னால் எல்லாமே சொதப்பும் கதை. தட்டு, டெலிபோன், கதவு என ஒவ்வொரு பொருளும் வசனத்தின் குறிப்பிட்ட அசையில் கைக்கு வர வேண்டும், அரை நொடி பிசகினால் அடுத்த மூன்று சிரிப்பும் போய்விடும். பொருளோடு நடிக்கும் துல்லியத்துக்கு அதைவிடக் கடினமான பள்ளி கிடையாது.

தன்னைத் தெரியாதவர்கள்

டிவியில் அவரது சொந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் எழுத்தாளர் ஆலன் பென்னெட். 1978-இல் 'எ விசிட் ஃப்ரம் மிஸ் புராத்தரோ': ஓய்வுபெற்று நிம்மதியாக இருக்கும் பழைய மேலாளர் வீட்டுக்கு அலுவலகத்தில் வேலை பார்த்த அம்மாள் வருகிறார். ஒரு வன்மமும் இல்லாமல், பேசிப் பேசியே அவர் நிம்மதியைக் கெடுத்துவிட்டுப் போகிறார். 1982-இல் 'எ வுமன் ஆஃப் நோ இம்பார்ட்டன்ஸ்': பெக்கி ஸ்கோஃபீல்ட் என்ற அலுவலகப் பெண், கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேசுகிறார். கேன்டீனில் தான் இல்லாவிட்டால் மேசையே களையிழந்துவிடும் என்று அவர் மனமார நம்புகிறார். அப்படி இல்லை என்பது நமக்கு மட்டும் தெரிகிறது. பேச்சு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போகிறது. அங்கேயும் நர்ஸுகளுக்குத் தன்னைத்தான் ரொம்பப் பிடிக்கும் என்கிறார்.

1988-இன் 'டாக்கிங் ஹெட்ஸ்' வரிசையில் 'எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்'. ஐரீன் ரடாக் என்பவர் கண்டதற்கெல்லாம் புகார்க் கடிதம் எழுதுகிறார். கடைசியில் சிறைக்குப் போய் அங்கே முதன்முறையாகச் சந்தோஷமாக இருக்கிறார். இடையில் 1985-இல் விக்டோரியா வுட்டின் பிபிசி 2 நிகழ்ச்சியில் கிட்டி வந்தார். சீடில் பக்கத்து நாசூக்கு அம்மாள், நாற்காலியில் உட்கார்ந்து, எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்வார்.

தனிப்பேச்சில் என்ன கஷ்டம் என்றால், எதிரே யாரும் இல்லை. லென்ஸ் திரும்பிப் பேசாது. பாத்திரம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும்போது நடிகைக்கு அது தெரியும், பார்ப்பவருக்குத் தெரியும், பாத்திரத்துக்கு மட்டும் தெரியக் கூடாது. பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறுவார்கள். 'இவள் எவ்வளவு அசடு பாருங்கள்' என்று கண் ஓரத்தில் ஒரு சிறு சிமிட்டல் வந்துவிடும். வந்தால் முதல் நிமிடம் சிரிப்பு கிடைக்கும், பத்தாவது நிமிடம் பார்ப்பவருக்குச் சலித்துவிடும். ரௌட்லெட்ஜ் சிமிட்டவே மாட்டார். பெக்கி சொல்வதை முழுக்க நம்பிச் சொல்வார், அதனால்தான் சிரிப்பும் வயிற்றைப் பிசைவதும் சேர்ந்தே வரும்.

பெக்கியின் அறியாமையோடு பிராட்வேயின் நுரையீரலைச் சேர்த்தால் ஹையசிந்த். கணக்கு அவ்வளவுதான்.

தொடர் எப்படிக் கட்டப்பட்டது

எழுதியவர் ராய் கிளார்க். 'லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்', 'ஓப்பன் ஆல் அவர்ஸ்' இரண்டும் அவருடையவை. தயாரிப்பும் இயக்கமும் ஹரோல்ட் ஸ்னோட். கதை இரண்டே வாக்கியம்: ஹையசிந்துக்குப் பெரிய இடத்துப் பெண்மணி என்று எல்லோரும் நினைக்க வேண்டும். அவர் பிறந்த வீடோ பனியனோடு பீர் குடிக்கும் மைத்துனர் ஆன்ஸ்லோவும், சோம்பேறித் தங்கை டெய்சியும், காதலர் மாற்றும் தங்கை ரோஸும், நினைவு தவறும் அப்பாவும் சேர்ந்த வீடு. குடும்பப் பெயர் பக்கெட். அதாவது வாளி. அவர் மட்டும் 'பூக்கே', அதாவது பூங்கொத்து, என்று உச்சரிப்பார். எழுத்தில் இருந்தது இந்த ஒற்றை ஜம்பம். 44 எபிசோடுகளுக்கு அது தாங்கியது நடிப்பினால்.

ஹையசிந்த் வீட்டின் வெளிப்புறம் வார்விக்‌ஷயரின் பின்லி வுட்ஸில், ஆன்ஸ்லோ வீடு கவென்ட்ரியின் ஸ்டோக் ஆல்டர்மூரில் எடுக்கப்பட்டன. உட்புறக் காட்சிகள் பிபிசி ஸ்டுடியோவில், பார்வையாளர் முன்னிலையில். அந்தக் காலத்து பிபிசி சிட்காம்களின் வேலைமுறை இது: ஒரு சீசனுக்கான வெளிப்புறக் காட்சிகளை முதலில் மொத்தமாக எடுத்து முடித்துவிடுவார்கள். பிறகு வாரத்துக்கு ஒரு எபிசோடு. முதல் நாள் எல்லோரும் உட்கார்ந்து வாசிப்பார்கள். அடுத்த நாள்களில் ஒத்திகைக் கூடத்தில் தரையில் ஒட்டிய டேப்தான் சுவரும் கதவும். பதிவு நாளன்று பகலில் கேமராவோடு ஓட்டம், மாலையில் பார்வையாளர்கள். மூன்று சுவர் செட், நான்கு ஐந்து கேமரா, தலைக்கு மேல் கம்பில் மைக்.

வெளிப்புறத்தில் எடுத்ததை அதே மாலையில் மானிட்டரில் போட்டுக் காட்டி, அப்போது வரும் சிரிப்பைப் பதிவார்கள். சிக்கல் இங்கேதான். பின்லி வுட்ஸ் தெருவில் நடிக்கும்போது சிரிக்க ஆள் இல்லை. வாரங்கள் கழித்து வரப்போகும் சிரிப்பு எவ்வளவு நீளம் என்று நடிகர் முன்கூட்டியே ஊகித்து இடைவெளி விட வேண்டும். குறைவாக விட்டால் அடுத்த வசனம் சிரிப்பில் அமுங்கும். அதிகமாக விட்டால் காட்சியில் ஓட்டை விழும். ஸ்டுடியோவிலோ நேர்மாறான ஆபத்து: சிரிப்பு வரும்போது அது அடங்கும்வரை சும்மா நின்றால் பாத்திரம் செத்துவிடும். ரௌட்லெட்ஜ் சும்மா நிற்க மாட்டார். தொப்பியைச் சரிசெய்வது, கையுறையை இழுப்பது, கணவர் ரிச்சர்டின் டையை ஒரு பார்வையில் அளப்பது என்று அந்த நொடிகளும் ஹையசிந்தின் வேலையாகவே இருக்கும். நாற்பது ஆண்டு மேடையில் கற்றது அது.

மேடைக் குரல் டிவிக்குப் பெரிது என்பது பாலபாடம். மேடையிலிருந்து வருகிறவர்களை இயக்குநர்கள் 'குறைத்துக்கொள்ளுங்கள்' என்றுதான் முதலில் சொல்வார்கள். ஹையசிந்தில் குறைக்கத் தேவையில்லாமல் போனதற்குக் காரணம் நுட்பமானது. ஹையசிந்தே ஒரு நடிகை. நாள் முழுவதும் பெரிய வீட்டு அம்மாளாக நடித்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே அந்த மிகைத் தோரணை நடிகையின் குறையாகத் தெரிவதில்லை, பாத்திரத்தின் பந்தாவாகத் தெரிகிறது. ரௌட்லெட்ஜ் தன் முழு அளவுக் குரலையும் அவிழ்த்துவிட முடிந்தது. பக்கத்தில் கிளைவ் ஸ்விஃப்ட் ரிச்சர்டாக ஏறக்குறைய அசையாமல் நின்றார். ஷேக்ஸ்பியர் மேடை கண்ட நடிகர் அவர். இருவரும் ஒரே அளவில் நடித்திருந்தால் தொடர் முதல் சீசனிலேயே இரைச்சலாகியிருக்கும்.

டெலிபோன் காட்சி, அருகிலிருந்து

மெல்லிய வெள்ளை டெலிபோன் ஒலிக்கிறது. ஹையசிந்த் எடுக்கிறார். வீட்டின் பெயரையும் வீட்டுத் தலைவி பேசுகிறாள் என்பதையும் அறிவிக்கிறார். குரல் பேச்சுக் குரலைவிட மேலே ஏறி, சொல்லுக்குச் சொல் தனியாக, கடைசிச் சொல் மட்டும் பாட்டு முடிவதுபோல் நீண்டு நிற்கும். எதிர்முனையில் எண் தவறி வந்தவர், சீன உணவுக் கடை என்று நினைத்து ஆர்டர் கொடுக்கிறார். குரல் ஒரு படி இறங்குகிறது, நாசூக்கு மட்டும் இறங்கவில்லை. மறுக்கிறார். எதிர்முனை விடவில்லை. இன்னொரு படி. இப்போது மெய்யெழுத்துகள் கடிபடத் தொடங்குகின்றன. ரிசீவரை வைத்த பிறகுதான் முகத்தில் கோபம் வருகிறது, அதற்குள் ரிச்சர்ட் கண்ணில் பட்டுவிட்டால் உடனே மறைகிறது.

மகன் ஷெரிடன் கூப்பிட்டால் வேறு வரிசை. ஷெரிடனை நாம் பார்த்ததில்லை, குரலையும் கேட்டதில்லை. எப்போதும் பணம் கேட்பான். முதலில் அம்மாவின் உருக்கம். பிறகு ஒரு கேள்வி. பிறகு நீண்ட அமைதி. அந்த அமைதியில் முகத்தில் ஓடுவதை வைத்தே மகன் என்ன சொன்னான் என்று தெரிந்துவிடும். உடனே தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்ளும் உற்சாகக் குரல்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கும் போன் பேச்சில் புதியவர்கள் செய்யும் தவறு, எதிர்முனை பேச நேரம் கொடுக்காதது. 'ஆமாம்... இல்லை... சரி' என்று தன் வசனத்தை மட்டும் அடுக்கிவிடுவார்கள், எதிரே ஆள் இல்லை என்று உடனே தெரிந்துவிடும். சரியான முறை எதிர்முனை வசனத்தையும் முழுதாக எழுதி, மனதுக்குள் அதே வேகத்தில் கேட்பது. ரௌட்லெட்ஜின் போன் காட்சிகளில் இடைவெளிகள் ஒன்றுபோல் இருக்காது. ஷெரிடனுடையது நீளம், சகோதரி வயலெட்டுடையது திக்கித் திக்கி, சீன உணவு கேட்பவருடையது குறுகலாக. ஒரே ஆள் பல பேரைக் கேட்கவைக்கிறார். பென்னெட்டின் தனிப்பேச்சுகளும் 'டூயட் ஃபார் ஒன்'னும் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன.

அபசுரம் பாடுவது

பக்கத்து வீட்டு எலிசபெத்தின் தம்பி எம்மெட் ஊர் இசை நாடகக் குழுவை நடத்துபவர். அவரைக் கண்டாலே ஹையசிந்த் பாடத் தொடங்கிவிடுவார், எப்படியாவது ஒரு வேடம் கிடைக்காதா என்று. எம்மெட் வீட்டிலிருந்து காருக்கு ஓடியே போவார்.

டோனியும் ஒலிவியேயும் வாங்கிய பாடகி தப்பாகப் பாட வேண்டும். சுலபம் என்று தோன்றும், ஆனால் நன்றாகப் பாடுகிறவர் தப்பாகப் பாடினால் வேண்டுமென்றே செய்வது கேட்டுவிடும். பாட்டு தெரியாதவரின் பிசகு பயத்திலிருந்து வருகிறது: எடுப்பு தயங்கும், மூச்சு பாதியில் தீரும். ஹையசிந்துக்குப் பயமே கிடையாது. ஆகவே இந்தப் பாட்டில் எடுப்பு உறுதி, மூச்சு தாராளம், சொற்கள் கண்ணாடிபோல் தெளிவு. சுருதி மட்டும் ஒரு மயிரிழை விலகும், மேல் சுரத்தில் நடுக்கம் தேவைக்கு மேல் அகலும், நிறுத்த வேண்டிய இடத்துக்குப் பிறகும் அந்தச் சுரம் நிற்கும். அளந்து பிசகுகிறார். சுருதி சுத்தமாகத் தெரிந்தவரால்தான் அந்த மயிரிழை அளவில் விலகி நிற்க முடியும். தொடரிலேயே எங்களுக்குப் பிடித்த நகைச்சுவை இதுதான். டெலிபோனுக்குக் கிடைத்த பெயர் இதற்குக் கிடைக்கவில்லை என்பது சிறு ஆதங்கம்.

எலிசபெத்தின் காபிக் கோப்பை இன்னொரு சிரிப்பு இயந்திரம். கையால் நீலப்பூ வரைந்த ராயல் டௌல்டன் பீங்கான். ஹையசிந்த் உடைத்துவிடாதே என்று சொல்லாமல் சொல்வார், அதனால் எலிசபெத்தின் கை நடுங்கும், கோப்பை தட்டில் கிலுகிலுக்கும், காபி சிந்தும். இந்தக் காட்சி எலிசபெத்தாக நடித்த ஜோசஃபின் டியூசனுடையது. நடுங்குவது அவர், ரௌட்லெட்ஜின் வேலை கோப்பையைப் பார்ப்பது மட்டும். பேச்சு எங்கோ போய்க்கொண்டிருக்க, கண் கோப்பையை விட்டு அகலாது. பெரிய நட்சத்திரங்கள் பலர் இப்படிச் சிரிப்பை எதிரே இருப்பவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

விழுவதும் உண்டு. ஆன்ஸ்லோ வீட்டு வாசலில் கிடக்கும் ஓட்டைக் காரில் இருந்து நாய் குரைக்கும், ஹையசிந்த் பின்னால் போய் வேலிச் செடியில் சாய்வார். அறுபது தாண்டியவர். நாய் எபிசோடுதோறும் குரைக்கும், ஆனால் திடுக்கிடல் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கும்.

ஏன் நிறுத்தினார்

இத்தகைய தொடரின் பலமும் பலவீனமும் ஒன்றே. டெலிபோன், கோப்பை, நாய், எம்மெட் ஓட்டம் எல்லாம் திரும்பத் திரும்ப வர வேண்டும், பார்ப்பவர் எதிர்பார்த்துக் காத்திருப்பார். வந்தால் சிரிப்பு நிச்சயம். நிச்சயமானதால் எழுத்தாளருக்குப் புதிதாக யோசிக்கும் நெருக்கடி குறையும். மூன்று சீசன்களுக்குப் பிறகு கதைகள் தெருவைவிட்டு வெளியே போகத் தொடங்கியதைக் கவனிக்கலாம். 1993 கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடு கியூஇ2 கப்பலில் எடுக்கப்பட்டது. ஹையசிந்த் கௌரவமாகப் பயணம் போக, அதே கப்பலில் ஆன்ஸ்லோவும் டெய்சியும் பரிசுச் சீட்டில் வந்து நிற்கிறார்கள். எபிசோடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் சாப்பாட்டு அறையை விட்டுக் கதையைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததே ஒரு அறிகுறி.

பழைய யோசனைகளே சுற்றி வருகின்றன என்று ரௌட்லெட்ஜுக்குத் தோன்றியது. மேலே இருக்கும்போதே விலகிவிட வேண்டும் என்பதில் நகைச்சுவை நடிகர் ரோனி பார்க்கரை முன்மாதிரியாகச் சொன்னார். பிபிசி தொடரத் தயாராக இருந்தது, அவர் இல்லை. 1995 கிறிஸ்துமஸ் அன்று கடைசி எபிசோடு. ஐந்து சீசன். ரோஸ் வேடத்தில் முதல் சீசனின் ஷர்லி ஸ்டெல்ஃபாக்ஸ் போய் மேரி மில்லர் வந்தபோது தொடர் ஆட்டம் காணவில்லை. ஹையசிந்துக்கு மாற்று ஆள் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆகவே அவர் முடிவே தொடரின் முடிவு.

விலக முடிந்ததற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. அந்த ஐந்து ஆண்டுகளிலும் அவர் ஹையசிந்தாக மட்டும் இருக்கவில்லை. 1992-இல் எழுத்தாளர் பார்பரா பிம்மாக 'மிஸ் பிம்ஸ் டே அவுட்'. அதே ஆண்டு டிசம்பரில் நேஷனல் தியேட்டரின் 'கரூசல்' நாடகத்தில் நெட்டி ஃபௌலர், மேடையில் நின்று நேராக, சுருதி சுத்தமாகப் பாடினார். 1994-இல் ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட். சீசன்களுக்கு நடுவே இந்த வேலைகளைப் போட்டுக்கொண்டதால் 'அந்தத் தொப்பி அம்மாள்' என்ற பெட்டிக்குள் தயாரிப்பாளர்கள் அவரை அடைக்க முடியவில்லை. சிட்காம் நட்சத்திரங்கள் பலரை முடக்கியது அந்தப் பெட்டிதான். தொடர் நின்ற பிறகு வேறு வேலை தேடத் தொடங்குவார்கள், அதற்குள் காலம் கடந்துவிடும்.

ஹெட்டி

1996 ஜனவரியில், ஹையசிந்தின் கடைசி எபிசோடு வந்த சில நாள்களிலேயே, 'ஹெட்டி வெய்ன்த்ராப் இன்வெஸ்டிகேட்ஸ்' வந்துவிட்டது. லங்காஷயரில் அறுபது வயதில் துப்பறியத் தொடங்கும் குடும்பப் பெண். இந்த ஹெட்டியை 1990-லேயே ஐடிவியில் 'மிஸ்ஸிங் பெர்சன்ஸ்' என்ற நாடகமாக ஒருமுறை நடித்திருந்தார். அதாவது ஹையசிந்த் பிறந்த அதே ஆண்டில் ஹெட்டியும் கையில் இருந்தாள். 1998 வரை நான்கு சீசன் ஓடியது. உதவியாளன் ஜெஃப்ரியாக வந்த இளைஞர் டாமினிக் மோனகன், பிறகு 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் மெர்ரி.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் காதிலேயே கேட்கும். ஹெட்டியின் குரல் கீழே, நெஞ்சில் இருக்கிறது, வடக்கத்திப் பேச்சு மறைக்காமல் வருகிறது. ஹையசிந்த் யார் சொல்வதையும் காதில் வாங்க மாட்டாள், ஹெட்டியின் தொழிலே கேட்பது. பார்வையாளர் இல்லாத படப்பிடிப்பு என்பதால் சிரிப்புக்கு இடம் விடும் வேலையும் இல்லை. அதே முகம், அதே வயது, ஆனால் ஒரு வாரத்துக்குள் மக்கள் ஹெட்டியை ஹெட்டியாக ஏற்றுக்கொண்டார்கள். 1996-இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் எல்லாக் காலத்துக்கும் பிடித்த நடிகையாகத் தேர்வானார்.

1997 முதல் பிபிசி ரேடியோ 4-இல் 'லேடீஸ் ஆஃப் லெட்டர்ஸ்': இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் எழுதும் கடிதங்கள், மறுபக்கம் 'ஃபால்டி டவர்ஸ்' புகழ் புரூனெல்லா ஸ்கேல்ஸ். தொப்பியும் இல்லை, கோப்பையும் இல்லை, குரல் மட்டும். கடைசிக் காலத்தில் பியானோ கலைஞர் பியர்ஸ் லேனுடன் 'அட்மிஷன்: ஒன் ஷில்லிங்' என்ற மேடை நிகழ்ச்சி: போர்க்காலத்தில் லண்டன் நேஷனல் கேலரியில் மதியக் கச்சேரிகள் நடத்திய மைரா ஹெஸ்ஸின் கதை. பிரிட்டிஷ் அரச கௌரவங்களில் 1993-இல் ஓபிஇ, 2004-இல் சிபிஇ, 2017-இல் டேம் பட்டம். 2025 அக்டோபர் 3 அன்று 96 வயதில் காலமானார்.

2016-இல் வெளியான கணக்குப்படி, பிபிசியின் விற்பனைப் பிரிவான பிபிசி வேர்ல்ட்வைட் வெளிநாடுகளுக்கு அதிகமாக விற்ற நிகழ்ச்சி 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்', ஆயிரம் முறைக்குச் சற்றுக் குறைவாக. பிரிட்டிஷ் வர்க்க பேதம் தெரியாத ஊர்களிலும் அது ஓடியது, உறவினரை மறைக்கும் ஜம்பம் எந்த ஊரிலும் உண்டு என்பதால். அதே ஆண்டு செப்டம்பரில் பிபிசி, 'யங் ஹையசிந்த்' என்று 1950-களின் இளம் ஹையசிந்தைப் பற்றி ஒரு எபிசோடு எடுத்தது. எழுதியவர் ராய் கிளார்க்கே, நடித்தவர் கெரி ஹோவர்ட். பந்தா இருந்தது, சகோதரிகள் இருந்தார்கள், அப்பா இருந்தார். தொடராக அது வளரவில்லை. ஹையசிந்தின் ஜம்பம் சிரிப்பாக இருந்தது, அறுபது வயதுப் பெண் அதை ஒரு நாளும் சந்தேகிக்காமல் ஆயுள் முழுதும் சுமந்து வந்திருக்கிறாள் என்பதால். 19 வயதில் அதே ஆசை வெறும் ஆசைதான், அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இவர் வேலையைப் பாடமாகப் பார்க்க விரும்பும் நடிகர்களுக்கு வரிசை இது: முதலில் 1982-இன் பெக்கி ஸ்கோஃபீல்ட், கண்களை மட்டும் கவனித்து. அடுத்து சென்ட்ரல் பார்க் பதிவில் ரூத், மூச்சு எடுக்கும் இடங்களுக்காக. பிறகு ஹையசிந்தின் ஏதாவது ஒரு போன் காட்சியை இரண்டு முறை: ஒருமுறை படத்தை மறைத்துக் குரலின் படிகளை எண்ண, இன்னொரு முறை ஒலியை நிறுத்தி, ரிசீவர் காதில் இருக்கும்போது முகம் எப்போதெல்லாம் கேட்கிறது என்று பார்க்க. ஹெட்டியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.